மோட்டாருக்கு எந்த சிம்? கடைமடைக்கு வரும் 4ஜி, 5ஜி

இரவில் மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்க்க டார்ச் லைட்டும் கையில் ஒரு கம்புமாக வரப்பில் நடந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாம்பு, தேள், சேறு எல்லாவற்றையும் கடந்து கொட்டகைக்குப் போனால் ஒரு ஃபேஸ் இருக்காது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அந்த அலைச்சலைக் குறைத்தது செல்போன் மூலம் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர். திண்ணையில் உட்கார்ந்தபடியே எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. மின்சாரம் வந்தால் குறுஞ்செய்தி வருகிறது.

ஆனால் வேர்க்கடலையில் விழுது இறங்கும் பருவத்தில், தண்ணீர் கட்டாயம் விட வேண்டிய நாளில், அந்த எண்ணுக்கு அழைத்தால் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வந்தால் என்ன செய்வீர்கள்? ஸ்டார்ட்டர் பழுதா, சிம் பழுதா, டவர் பழுதா என்று தெரியாமல் இரண்டு நாள் ஓடிவிடும். பல இடங்களில் கோளாறு கருவியில் இருப்பதில்லை. கருவிக்குப் பொருந்தாத நிறுவனத்தின் சிம்மைப் போட்டிருப்பதுதான் காரணம்.

4ஜி, 5ஜி என்று விளம்பரங்கள் வருகின்றன. எந்த நிறுவனம் எந்த வழியில் விரிவாக்கம் செய்கிறது, அது உங்கள் கிணற்றடிக்கு என்ன பயன் தரும் என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், பயிரும் மிச்சம்.

யார், எப்போது வந்தார்கள்?

2022 ஜூலை 29 அன்று மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் ஆட்டங்கள் தொடங்கியபோது, இன்னொரு பக்கம் நாட்டின் 5ஜி அலைவரிசை ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஜூலை 26-ல் தொடங்கி ஆகஸ்ட் 1 வரை ஏழு நாட்கள் நடந்த அந்த ஏலத்தில் மொத்தம் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைவரிசை விற்பனையானது. ஜியோ சுமார் 88,000 கோடி, ஏர்டெல் சுமார் 43,000 கோடி, வோடஃபோன் ஐடியா எனப்படும் 'வி' சுமார் 18,800 கோடி ரூபாய்க்கு வாங்கின.

அதே ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி 5ஜி சேவை தொடங்கியது. ஏர்டெல் முதல் நாளே சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் தொடங்கியது. ஜியோ அதே மாதத்தில் சென்னைக்கு வந்தது. 'வி' நிறுவனத்துக்குப் பணத் தட்டுப்பாடு. அதன் 5ஜி விரிவாக்கம் 2025 மார்ச்சில் மும்பையில் தொடங்கி, பிறகு மற்ற நகரங்களுக்குப் போனது.

பொதுத் துறை நிறுவனமான பிஎஸ்என்எல் 4ஜிக்கே மிகவும் தாமதமாக வந்தது. ஆனால் அது உள்நாட்டுத் தொழில்நுட்பம். டிசிஎஸ், தேஜஸ் நெட்வொர்க்ஸ், சி-டாட் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் நடந்த விழாவில் நாடு முழுவதும் 97,500-க்கும் மேற்பட்ட டவர்களைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அவற்றில் பெரும்பாலானவை பிஎஸ்என்எல்லின் 4ஜி டவர்கள்.

நாட்டின் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் 5ஜி வந்துவிட்டது என்கிறது மத்திய அரசின் கணக்கு. இந்தக் கணக்கைக் கவனமாகப் படியுங்கள். மாவட்டத்தில் 5ஜி இருக்கிறது என்பது வேறு, உங்கள் நிலத்தில் 5ஜி இருக்கிறது என்பது வேறு. செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரமும் இருக்கிறது, சித்தாமூர் ஒன்றியமும் இருக்கிறது.

அலைவரிசையும் வாய்க்காலும்

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மதகுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் முதலில் கிடைக்கும். கடைமடைக்கு மிஞ்சினால்தான். செல்போன் நிறுவனங்களும் வாடிக்கையாளர் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் முதலில் முதலீடு செய்யும். நம் மாவட்டத்தில் மேற்கே ஜிஎஸ்டி சாலை, கிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை இரண்டும் மதகடி. நடுவில் இருக்கும் திருக்கழுக்குன்றம், லத்தூர், பவுஞ்சூர், செய்யூர் பக்கத்து உள் கிராமங்கள் இந்த விஷயத்தில் கடைமடை.

இரண்டாவது காரணம் அலைவரிசையின் தன்மை. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நீளமான, குறுகலான வாய்க்கால். வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளேயும் நுழையும். ஆனால் ஒரே நேரத்தில் கொண்டு போகும் அளவு குறைவு. 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அகலமான, ஆனால் நீளம் குறைந்த வாய்க்கால். டவருக்குப் பக்கத்தில் வெள்ளமாகப் பாயும். தூரம் போகப் போக வேகமாக வற்றிவிடும்.

நிறுவனங்களுக்குள் வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

ஜியோ: 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான். இந்த நிறுவனத்துக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 5ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் வாங்கியது. அதன் 5ஜி, 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் முறையில் அமைந்தது. அதற்கேற்ற போன் வேண்டும்.

ஏர்டெல்: 2ஜி இருக்கிறது, 4ஜி இருக்கிறது. 5ஜியை இருக்கும் 4ஜி கட்டமைப்பின் மேல் ஏற்றி விரிவாக்கியது. அந்த முறையில் 4ஜி சிக்னல் நன்றாக உள்ள இடத்தில்தான் 5ஜியும் நன்றாக இருக்கும்.

வி: 2ஜி, 4ஜி இரண்டும் உண்டு. 5ஜியில் பின்தங்கி வருகிறது.

பிஎஸ்என்எல்: 2ஜி இருக்கிறது. 4ஜிக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. 700 வெகுதூரம் போகும் என்பதால் கிராமத்துக்கு ஏற்றது. ஆனால் பழைய 4ஜி போன்கள் பலவற்றில் இந்த 700 மெகாஹெர்ட்ஸ் வசதி இருக்காது. சிக்னல் இருந்தும் போன் எடுக்காது. பழைய பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள் அதை 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

போனில் கோடுகள் நிறைய இருந்தும் இணையம் நகராமல் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். டவரிலிருந்து உங்கள் போனுக்கு வரும் வழி நன்றாக இருந்தாலும், டவருக்குப் பின்னால் கண்ணாடி இழை கேபிள் இல்லாமலோ, ஒரே டவரை நிறையப் பேர் பயன்படுத்தினாலோ இப்படி ஆகும். கிளை வாய்க்கால் சுத்தமாக இருந்தும் தாய் வாய்க்காலில் தண்ணீர் இல்லாத நிலை அது. விடுமுறை நாட்களில் மாமல்லபுரம், கோவளம் பக்கம் சுற்றுலாப் பயணிகள் குவியும்போது சுற்றியுள்ளவர்களுக்கு வேகம் குறைவதும் இதனால்தான்.

ஸ்டார்ட்டருக்குப் பொருந்தும் சிம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சந்தையில் விற்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் கருவிகளில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை 2ஜியில் இயங்குவது. விலை குறைவு. அழைப்பு, குறுஞ்செய்தி இரண்டில் வேலை முடிந்துவிடும். இதில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. காரணம் மேலே சொன்னதுதான், அந்த நிறுவனத்துக்கு 2ஜி கிடையாது. இந்தக் கருவிக்கு ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றில் உங்கள் கொட்டகையில் எது எடுக்கிறதோ அதைப் போடலாம்.

இரண்டாம் வகை 4ஜியில் இயங்குவது. விலை கூடுதல். எல்லா நிறுவன சிம்மும் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்வார். ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "4ஜியிலேயே குரல் அழைப்பு எடுக்குமா, செயலி வழியாக மட்டும்தானா?" 4ஜி குரல் அழைப்பு வசதி, அதாவது வோல்டி, கருவியில் இல்லை என்றால் ஜியோ சிம்மில் அழைப்பு போகாது, இணையம் மட்டுமே வேலை செய்யும். மற்ற நிறுவன சிம்மிலும் அழைப்பு வரும்போது கருவி 2ஜிக்கு இறங்கித்தான் பேசும்.

மோட்டாரை நிறுத்தவும் ஓட்டவும் 5ஜி தேவையில்லை. ஒரு குறுஞ்செய்தி அளவு தகவலுக்கு அவ்வளவு பெரிய வாய்க்கால் எதற்கு? கண்காணிப்பு கேமரா வைத்து மாட்டுக் கொட்டகையையோ இறால் குட்டையையோ பார்க்க நினைப்பவர்களுக்கு நல்ல 4ஜி போதும். ஒரே இடத்தில் பல கேமராக்கள், வீடியோ வழி ஆலோசனை, உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகத்தில் பல கணினிகள் என்ற நிலை வந்தால் 5ஜியைப் பற்றி யோசிக்கலாம்.

2ஜி கருவி மலிவாகக் கிடைக்கிறதே, அதையே வாங்கலாமா? ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம். புதிதாக வாங்குபவர்கள் ஒருமுறை யோசியுங்கள். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டார்கள். நம் நாட்டில் அப்படி உத்தரவு எதுவும் இல்லை. ஆனால் 2ஜி, 3ஜி சேவைகளை மூட வேண்டும் என்று ஜியோ 2024-ல் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் வலியுறுத்தியிருக்கிறது. ஸ்டார்ட்டரைப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்றுதானே வாங்குகிறோம்? வோல்டி வசதியுடன், 4ஜி, 2ஜி இரண்டிலும் இயங்கும் கருவியாக வாங்குவது பாதுகாப்பு.

இந்தக் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் தரப்பட்டுவருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் சலுகை உண்டு. வாங்கும் முன் உங்கள் கோட்ட உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நடப்பு ஆண்டு நிலவரத்தைக் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பயன் இருக்காது.

இன்னொன்று. ஃபேஸ் இல்லாதபோதும், கிணற்றில் தண்ணீர் வற்றியபோதும் தானாக நிற்கும் வசதி கருவியில் இருக்க வேண்டும். சிக்னல் போன நேரத்தில் உங்களால் மோட்டாரை நிறுத்த முடியாது. மாமல்லபுரத்திலிருந்து கடப்பாக்கம் வரையிலான கரையோரத்தில் இது மோட்டார் காயில் எரிவதோடு நிற்கும் விஷயமல்ல. தேவைக்கு மேல் தண்ணீர் இறைத்தால் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வரும். ஒருமுறை உப்பான கிணறு மறுபடி நல்ல தண்ணீராக மாறப் பல பருவங்கள் ஆகும். எனவே நேரம் குறித்து நிறுத்தும் வசதி கரையோர விவசாயிகளுக்கு அவசியம்.

கொட்டகையில் சோதனை

எந்த நிறுவனம் நல்லது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். கொட்டகையில் போய்ப் பாருங்கள். நான்கு நிறுவன சிம்மும் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும். ஒரு நாள் அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள்.

முதலில் போனின் அமைப்புகளில் நெட்வொர்க்கை '2ஜி மட்டும்' என்று வைத்துப் பாருங்கள். பிறகு 4ஜியில் வைத்துப் பாருங்கள். காலை, மாலை 6 முதல் 9 மணி வரை, மின்சாரம் இல்லாத நேரம் என மூன்று வேளை பார்ப்பது நல்லது. மின்தடையின்போது சிக்னலும் போய்விடுகிறது என்றால் அந்த டவரின் பேட்டரி பலவீனம் என்று பொருள்.

கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். போனில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் 'சிம் நிலை' என்று இருக்கும். அங்கே சிக்னல் அளவு கழித்தல் குறியோடு டிபிஎம் என்ற அலகில் தெரியும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் மைனஸ் 90 என்றால் நன்றாக இருக்கிறது. மைனஸ் 110-க்குக் கீழே போனால் அந்த இடத்தை நம்பக்கூடாது.

2024-ல் டிராய் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். விரிவாக்க அலுவலர்கள் இந்த வரைபடங்களைத் தங்கள் வட்டாரத்துக்கு ஒப்பிட்டுப் பார்த்து, கூட்டங்களில் விவசாயிகளுக்குக் காட்டலாம். வரைபடம் வழிகாட்டிதான். இறுதிச் சாட்சி உங்கள் கொட்டகைதான்.

தகரக் கொட்டகை, இரும்புப் பெட்டி இரண்டும் சிக்னலுக்கு எதிரி. கருவியோடு வரும் ஆன்டெனாவைப் பெட்டிக்குள் சுருட்டி வைக்காதீர்கள். கூரைக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில் பொருத்துங்கள். அடர்ந்த சவுக்குத் தோப்பு டவரை மறைத்தால் ஆன்டெனாவை ஒரு குழாயில் கட்டி உயர்த்துங்கள். கடற்கரையோரத்தில் உப்புக் காற்று இணைப்பை அரித்துவிடும். மூட்டில் தண்ணீர் புகாத ரப்பர் டேப் சுற்றி, ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் சரிபாருங்கள்.

புயல் நாளில் இரண்டு சிம்

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. புயலில் டவர் சாய்வதைவிட, மின்சாரம் போவதுதான் சிக்னல் போக முக்கியக் காரணம். பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும். சாலையில் மரம் விழுந்திருந்தால் டீசலும் வராது.

அதனால் கரையோரக் குடும்பத்தில் இரண்டு நிறுவன சிம் இருப்பது நல்லது. ஆனால் எந்த இரண்டு? இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். நிறுவனங்கள் ஒரே டவரை வாடகைக்குப் பகிர்ந்துகொள்வது வழக்கம். உதாரணமாக இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளர்கள் ஏர்டெல், வி இரண்டுமே. உங்கள் ஊரில் இரண்டு நிறுவனமும் ஒரே டவரில் இருந்தால், அந்த டவரின் பேட்டரி தீர்ந்ததும் இரண்டு சிம்மும் சேர்ந்தே போய்விடும். மின்தடை நேரத்தில் எந்த இரண்டு சிம் ஒன்றாக அணைகிறது என்று கவனியுங்கள். ஒன்றாக அணையாத இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிடர் நேரத்தில் ஒரு நிறுவன வாடிக்கையாளர் மற்ற நிறுவன டவரையும் பயன்படுத்த அரசு ஏற்பாடு செய்வது உண்டு. அதற்கு உங்கள் போனில் நெட்வொர்க் தேர்வு 'தானியங்கி' என்று இருக்க வேண்டும்.

ரீசார்ஜ் செலவும் எண் மாற்றமும்

2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. வரம்பில்லா 5ஜியும் பெரும்பாலும் நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களோடுதான் என்றாகிவிட்டது. 5ஜி எடுக்காத ஊரில் இருந்துகொண்டு அந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

ஸ்டார்ட்டரில் இருக்கும் சிம்முக்கு இணையமே தேவையில்லை என்றால், அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜைக் கேளுங்கள். அப்படி ஒரு திட்டம் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரி முதல் நிறுவனங்கள் தருகின்றன. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். ரீசார்ஜ் முடியும் தேதியைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். நவரை நெல் கதிர் பிடிக்கும் வாரத்தில் ரீசார்ஜ் முடிந்து தொடர்பு அறுந்தால் அதுவும் ஒரு வறட்சிதான்.

நிறுவனத்தை மாற்ற முடிவு செய்தால் எண்ணை மாற்றாதீர்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது தமிழகத்தில் லட்சக்கணக்கானோர் தவித்தது நினைவிருக்கும். எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறியவர்கள் பிழைத்தார்கள். எண்ணையே விட்டவர்கள் வங்கி, ஆதார் எல்லாவற்றிலும் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. இன்று பிஎம் கிசான் தவணை, பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையப் பதிவு எல்லாமே அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை நம்பியிருக்கின்றன.

மாறுவது எளிது. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு உங்கள் எண்ணை எழுதி 1900-க்கு அனுப்புங்கள். வரும் குறியீட்டோடு புதிய நிறுவனக் கடைக்குப் போங்கள். பழைய நிறுவனத்தில் குறைந்தது 90 நாள் இருந்திருக்க வேண்டும், பாக்கி இருக்கக் கூடாது. அண்மையில் சிம் கார்டை மாற்றியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் குறியீடு கிடைக்கும். மாறும் நேரத்தில் சில மணி நேரம் சேவை இருக்காது. அதனால் நாற்று விடும் வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டவர் பெயரில் மோசடி

"உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், மாதம் இத்தனை ஆயிரம் வாடகை, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் உடனே துண்டியுங்கள். டவர் அமைக்க டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ நில உரிமையாளரிடம் பணம் வாங்குவதில்லை, தடையின்மைச் சான்று தருவதும் இல்லை. டவர் நிறுவனம்தான் உங்களுக்கு வாடகை தர வேண்டும். பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சிக்னலே இல்லாத ஊர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. எந்தப் பகுதியில், எந்த நிறுவனம், எத்தனை டிபிஎம் என்று பட்டியல் எடுங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். தீர்வு இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போங்கள். கிராம சபையில் தீர்மானமாகவும் வையுங்கள். "சிக்னல் வரவில்லை" என்ற பொதுவான புலம்பலைவிட அளவோடு கூடிய பட்டியலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏரியில் தண்ணீர் இருந்தால் மட்டும் கடைமடை விளையாது. வாய்க்காலைத் தூர்வாரி, முறை வைத்துக் கேட்டு வாங்கினால்தான் விளையும். சிக்னலுக்கும் அதேதான். அடுத்த ரீசார்ஜுக்கு முன்னால் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, பக்கத்து நிலத்துக்காரரின் போனையும் வாங்கிக்கொண்டு உங்கள் மோட்டார் கொட்டகைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.